குறி தவறுவது எதனால்?

அறிவு பெருகப் பெருகச் செயலும் சிறக்க வேண்டுமன்றோ? உலகோர் அவ்வாறே நம்புகின்றனர். ஆயின், ஒன்றுமறியாத காலத்தில் எளிதாய் நிகழ்ந்த செயல், பலவும் கற்றறிந்த காலத்தில் நிகழ மறுப்பதை நாம் கண்கூடாகக் காண்கிறோம். இஃது எதனால்? அறிவு செயலுக்குத் துணையா, பகையா? இக்கேள்வியை அண்மையில் நம்மிடம் கேட்டவர் நூல் பல கற்ற பண்டிதர் அல்லர்; துப்பாக்கி பிடிக்கும் ஓர் இளைஞர்.

அவர் நம்மோடு பஞ்சாலையில் உழைத்த தோழர் ஒருவரின் மகன், இராணுவத்தில் பணிபுரிபவர். வானில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுட்டு உடைக்கும் போட்டிக்கென்று அவருடைய படைப்பிரிவில் பயிற்சி பெறுகிறவர்களுள் ஒருவர். விடுப்பில் ஊர் வந்தவர், நம் சொற்பொழிவு முடிந்தபின் கூட்டம் கலையும் வரை காத்திருந்து அருகில் வந்தார்.

“ஐயா, சேர்ந்த புதிதில் 25 தட்டுக்கு 18 உடைத்தேன். இரண்டு ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகு 15-ஐத் தாண்டுவதே அரிதாகிவிட்டது. பயிற்சியாளர் சொன்னது, தோழர்கள் சொன்னது, படித்தது என்று மூன்று நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருக்கிறேன். துப்பாக்கியைத் தோளில் வைக்கும்போது அத்தனையும் நினைவுக்கு வருகின்றன. அடுத்த தேர்வில் தேறாவிட்டால் குழுவிலிருந்து அனுப்பிவிடுவார்கள். நான் கற்றதுதான் தப்பா?”

நாம் துப்பாக்கியைத் தொட்டவர் அல்லோம். எனினும் இக்கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம். இரண்டு மாலைகள் அவர் சொல்லக் கேட்டும், பின்னர்த் தேடிப் படித்தும் அறிந்தவற்றை அன்பர்கள் முன் வைக்கிறோம்.

துப்பாக்கியைப் பற்றி இவ்விதழில் எழுதுவதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்கள் இவ்விளையாட்டின் வரலாற்றைச் சற்றே கேட்கவேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் இது தோன்றியபோது, உயிருள்ள புறாக்களையே பெட்டியில் அடைத்துத் திறந்துவிட்டுச் சுட்டனர். 1900இல் பாரிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவிலும் புறாக்கள் இவ்வாறு சுடப்பட்டன. அதற்கு முன்பே அமெரிக்காவில் கண்ணாடி உருண்டைகளை வீசிச் சுடும் வழக்கம் எழுந்திருந்தது. 1880இல் சின்சினாட்டி நகரத்தவரான ஜார்ஜ் லிகௌஸ்கி என்பவர் சுட்ட களிமண்ணால் தட்டு செய்து, அதை எறியும் பொறிக்கும் வழி கண்டார். கூண்டுப் பறவைகளைத் திறந்துவிட்டுச் சுடுவதை 1921இல் பிரிட்டன் சட்டத்தால் தடுத்தது. இம்மாற்றங்களுக்கெல்லாம் இரக்கம் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லோம். எனினும் விளைவு யாது? புறா நீங்கியது, திறமை நீங்கவில்லை. விரைந்து பறப்பதை விரைந்து குறிபார்க்கும் ஆற்றலுக்கு ஓர் உயிரின் குருதி தேவையே இல்லையென்று விளங்கிற்று. வேண்டாததை நீக்கினால் சாரம் குறையாது என்பதற்கு இவ்விளையாட்டே முதற் சான்று.

இன்றைய தட்டு பெயரளவிலேதான் களிமண். சுண்ணாம்புக்கல் பொடியையும் கீலையும் சேர்த்து வார்க்கப்படுவது அது. குறுக்களவு 110 மில்லிமீட்டர். எடை ஏறத்தாழ 105 கிராம். ‘டிராப்’ எனப்படும் போட்டியில், சுடுபவர் நிற்கும் வரிசைக்கு 15 மீட்டர் முன்னால் நிலத்தடிக் குழியில் பொறிகள் உள்ளன. அவர் குரல் கொடுத்தவுடன் ஒரு தட்டு வெளிப்படும். இடமா, வலமா, நேரா என்பது அவருக்குத் தெரியாது. தடுப்பாரின்றிப் பறந்தால் 76 மீட்டர் சென்று விழும் வேகம் அதற்கு உண்டு. அவர் கையிலிருப்பது ஒற்றைக் குண்டுத் துப்பாக்கியன்று. ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈய ரவைகள் அடங்கிய துப்பாக்கி.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். குழலை விட்டு நீங்கும்போது ரவையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர். 35 மீட்டர் தொலைவிலுள்ள தட்டை அடைய அதற்குப் பத்தில் ஒரு வினாடி வேண்டும். தட்டு வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் குறுக்கே சென்றால், அந்தப் பத்தில் ஒரு வினாடியில் இரண்டு மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே தட்டு இருக்குமிடத்தில் சுட்டால் வெறும் காற்றையே சுடுகிறோம். அது செல்லவிருக்கும் இடத்தில் சுடவேண்டும். இந்த இடைவெளியைச் சுடுபவர் எப்படி அளப்பார்? ஒன்றைக் கண்டு அதற்கேற்பக் கை அசையவே மனிதனுக்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு வினாடி ஆகிறது. தட்டு வெளிப்பட்டு உடைவதற்குள் ஒரு வினாடியும் முழுமையாகக் கழிவதில்லை. கணக்குப் போட நேரமேது? மூன்று நோட்டுப் புத்தகங்களைப் புரட்ட நேரமேது?

அப்படியாயின் வல்லவர்கள் செய்வது என்ன? அவ்விளைஞர் சொன்ன நூற்றுக்கு மேற்பட்ட விதிகளைச் சலித்துப் பார்த்தால் இறுதியில் நிற்பவை மூன்றே. முதலாவது, துப்பாக்கிக் கட்டை ஒவ்வொரு முறையும் கன்னத்தில் ஒரே இடத்தில் வந்து பொருந்தவேண்டும். இரண்டாவது, கண் தட்டின்மேல் இருக்கவேண்டும், குழலின்மேல் அன்று. மூன்றாவது, விசையை இழுக்கும்போதும் இழுத்த பின்னும் குழலின் வீச்சு நிற்கலாகாது. தட்டுக்குப் பின்னாலிருந்து குழலை வீசி அதைக் கடக்கும்போது சுடுவோர் உண்டு. முதலிலிருந்தே தட்டுக்கு முன்னால் குழலை நகர்த்திச் சுடுவோரும் உண்டு. இரண்டும் நல்ல முறைகளே. காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றுமாக மாறுகிறவனுக்கு மட்டும் இரண்டும் உதவுவதில்லை.

இம்மூன்றில் இரண்டாவதே உயிர்நாடி. குழல் நுனியில் சிறு மணி ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. தட்டு பறக்கையில், ‘குழல் சரியான இடத்தில் உள்ளதா’ என்று சுடுபவரின் கண் ஒரு நொடி அந்த மணியைப் பார்த்துவிட்டு வரும். அந்தப் பார்வை போதும். குழல் தயங்கி நிற்கும். ரவை தட்டுக்குப் பின்னால் சென்று வீணாகும். ஆட்டத்தில் தவறும் குறிகளுள் பெரும்பகுதி இவ்வாறு பின்னால் விழுவனவே என்பது பயிற்சியாளர் பலரும் சொல்வது. 2010இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, உயர்நிலை வீரர்களையும் அவர்களுக்கு அடுத்த நிலையினரையும் ஒப்பிட்டு அவர்களுடைய கண்ணசைவை அளந்தது. உயர்நிலையினரின் பார்வை தட்டின்மேல் முன்னதாகவே சென்று பதிந்தது, நெடிது நிலைத்தது, அவர்களுடைய குழலின் அசைவும் சிக்கனமாக இருந்தது. வல்லவரிடம் காணப்பட்டது மிகுதியான செய்கையன்று, நிலைத்த பார்வையே.

அன்பர்களே, அந்த மணியைப் பார்க்கும் ஒரு நொடிப் பார்வையைச் சற்று ஆராய்வோம். அது எதைப் பார்க்கும் பார்வை? துப்பாக்கியைப் பார்ப்பது போல் தோன்றினும், உண்மையில் அது தன்னைத்தான் பார்க்கும் பார்வை. ‘நான் சரியாகச் செய்கிறேனா? பிறர் என்னை எப்படி மதிப்பர்? நேற்றைய பிழை இன்றும் வருமோ?’ என்னும் அச்சமே கண்ணைத் தட்டிலிருந்து பிடுங்கி மணியில் வைக்கிறது. செய்யும் செயலிலிருந்து செய்கின்ற ‘நான்’ மேல் கவனம் திரும்பும் கணமே குறி தவறும் கணம். இளைஞருடைய மூன்று நோட்டுப் புத்தகங்களும் அவரை இடைவிடாது தம்மையே பார்க்கச் செய்தன. முழங்கை எப்படி, தோள் எப்படி, கால் எப்படி என்று பார்த்துக்கொண்டிருப்பவருக்குத் தட்டைப் பார்க்கக் கண் ஏது?

இனி, மனிதன் ஏன் இவ்வாறு முறைகளைச் சேர்த்துக்கொண்டே போகிறான் என்று கேட்போம். ஒருவர் தட்டைத் தவறவிடுகிறார். ‘கவனம் சிதறியது’ என்று ஒப்புக்கொள்வது எளிதா? அன்று. அது மனத்தைச் சுடுகிறது. ‘தோட்டா சரியில்லை, குழல் நுனியின் குறுக்கத்தை மாற்றவேண்டும், கட்டையின் உயரத்தைக் கூட்டவேண்டும், புதிய நிலை ஒன்றைக் கற்கவேண்டும்’ என்று சொல்வது இனிக்கிறது. குறை நம்மிடத்தில் இல்லை, இன்னும் வாங்காத ஒரு பொருளில் அல்லது இன்னும் கற்காத ஒரு வித்தையில் இருக்கிறது என்று மனம் ஆறுதல் கொள்கிறது. விற்பவர்க்கும் இது நல்ல காலம். இவ்வாறு ஒவ்வொரு தவற்றுக்கும் ஒன்று சேர்த்தால், நூறு தவறுகளுக்குப்பின் நூறு சுமைகள் தோளில் நிற்கும். நீக்கியது ஒன்றும் இராது.

சேர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது கற்பிப்பவரின் செருக்கு. இதைப் பிறர்மேல் வைத்துச் சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆகவே நம்மேல் வைத்தே சொல்கிறோம்.

நாம் நூற்பாலையில் ரிங் பிரேமில் வேலை செய்த காலம் அது. நூல் அறுந்தால் ஒட்டுவதே அங்கே முதல் தொழில். சுழலும் ஸ்பிண்டிலை நிறுத்தி, பாபினிலிருந்து இழைமுனையை எடுத்து, வளையத்தின்மேல் ஓடும் டிராவலரில் நுழைத்து, மேலேயுள்ள கொக்கியில் மாட்டி, முன் உருளையிலிருந்து வரும் பஞ்சோடு சேர்த்துவிட வேண்டும். பழகிய கைக்குச் சில வினாடி வேலை. பதிலி ஆளாக வந்த பையன் ஒருவனை நம்மிடம் பழக விட்டனர். முழங்கையை ஒட்டி வை என்றோம். கட்டை விரலை மடக்கு என்றோம். காலை அகட்டி நில், மூச்சை அடக்கு, இழையை இத்தனை அங்குலம் விடு என்றோம். மேஸ்திரி அப்பக்கம் வரும்போதெல்லாம் குரலை உயர்த்தி இன்னும் இரண்டு சேர்த்துச் சொன்னோம். பையன் நம் முகத்தையும் தன் விரலையும் மாறி மாறிப் பார்ப்பான். இழை மீண்டும் அறும். ஒரு மாதம் கழித்து அவன் உதவான் என்று எழுதி வெளியே அனுப்பிவிட்டனர். நாம் தலையசைத்தோம். அவனுக்குப் புத்தி மட்டம் என்று நால்வரிடம் சொல்லவும் செய்தோம்.

ஆறு மாதத்திற்குப் பின் வேறோர் ஆலைக்கு ஒரு காரியமாகச் சென்றபோது அவனைக் கண்டோம். நம்மைவிட விரைவாக இழை ஒட்டிக்கொண்டிருந்தான். யாரப்பா கற்பித்தது என்றோம். “ஒரு பெரியவர் அண்ணா. உருளையிலிருந்து பஞ்சு வருகிற இடத்தைப் பார், கை தானாக அங்கே போகும் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை” என்றான். இடையில் நான்கு மாதம் சந்தையில் மூட்டை சுமந்ததாகவும், அப்போது வீட்டில் ஒருவேளைச் சோறுதான் என்றும் சொன்னான். நம்மேல் அவனுக்குச் சினமில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்தான். அதைக் குடித்து முடிப்பதற்குள் நாம் பட்டபாடு நமக்கே தெரியும். அவன் கூலியிழந்த மாதங்களுக்கு அவனுடைய மந்தபுத்தி காரணமன்று. நம்முடைய மிகுபேச்சே காரணம். நாம் அவனுக்குத் தொழிலைக் கற்பிக்கவில்லை. நமக்கு எவ்வளவு தெரியும் என்பதையே காட்டிக்கொண்டிருந்தோம். பஞ்சாலைப் பெரியவர் சொன்ன சொல்லும், ‘தட்டைப் பார்’ என்னும் சொல்லும் ஒன்றே என்று உணர்ந்தபோதுதான், அவ்விளைஞருடைய கேள்வி நம்மை ஏன் உறங்கவிடவில்லை என்பது விளங்கிற்று.

இங்கே ஒரு தடை எழும். ‘எளிமை எளிமை என்கிறீரே, இது சோம்பேறியின் வாதமன்றோ? உலக வீரர்கள் பயிற்சியாளரும் கருவிகளும் இல்லாமலா வென்றனர்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. பிகானேர் அரச மரபினரான கர்ணி சிங், 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக் விழாக்களில் சுட்டவர்; 1962இல் கெய்ரோ உலகப் போட்டியில் முதலிடத்திற்குச் சமநிலை கண்டு, கூடுதல் சுற்றில் தோற்று வெள்ளி பெற்றவர். இத்துணை நீண்ட காலம் அரைகுறைப் பயிற்சியால் எவரும் நிலைக்க முடியாது. எளிய முறை என்றால் குறைந்த உழைப்பு என்று பொருளன்று. துப்பாக்கியைக் கன்னத்தில் பொருத்தும் ஒரே செயலைத் தோட்டாவின்றி, வீட்டுச் சுவர் முன்னால், நாள்தோறும் நூறு முறை செய்வது முப்பது புதிய வித்தைகளைப் படிப்பதைவிடக் கடினம். புதியது மனத்திற்கு இனிக்கும். ஒன்றையே திரும்பச் செய்வது கசக்கும். சோம்பேறி விரும்புவது எளிய முறையை அன்று, புதிய முறையையே.

மேலும், எளிமை என்பது ஆராயாமையும் அன்று. சிலருக்கு வலத்தோளில் துப்பாக்கி இருக்க, இடக்கண்ணே பார்வையை ஆளும். இவர்கள் ‘தட்டைப் பார்’ என்னும் ஒரே விதியை ஆயிரம் முறை ஓதினாலும் குறி விலகியே நிற்கும். எந்தக் கண் ஆளுகிறது என்று முதலில் சோதித்து, தோளை மாற்றியோ கண்ணாடியில் சிறு மறைப்பு ஒட்டியோ அக்குறையை நீக்கவேண்டும். நீக்கியபின் அதை மறந்துவிட வேண்டும். உண்மையான காரணம் ஒன்றைக் கண்டு தீர்ப்பதும் எளிமையே. காரணம் காணாமல் பத்து மருந்து உண்பதே சிக்கல். அவ்வாறே பாதுகாப்பு விதிகளில் ஒன்றையும் குறைக்கலாகாது. தன் இடத்திற்கு வரும்வரை துப்பாக்கி திறந்து வெறுமையாய் இருப்பதும், குழல் எவர்மேலும் திரும்பாதிருப்பதும், கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிவதும் தட்டை உடைப்பதற்கான விதிகள் அல்ல. பிறர் உயிருக்கும் தன் உடலுக்கும் செலுத்தும் மரியாதை.

ஆகவே அறிவு செயலுக்குப் பகையா என்னும் கேள்விக்கு நம் விடை இது: அறிவுக்கும் ஒரு காலம் உண்டு, செயலுக்கும் ஒரு காலம் உண்டு. செயலுக்கு முன்பு ஆராய்ச்சி நன்று. செயலுக்குப் பின்பும் நன்று. செயலின் கணத்தில் உள்ளே நுழையும் ஆராய்ச்சி திருடனைப் போன்றது. அது கவனத்தைத் திருடிவிடும்.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. தவறிய தட்டை என்ன செய்வது? 2004இல் ஏதென்ஸ் நகரில், அக்காலத்தில் ஒலிம்பிக்கில் இருந்த இரட்டை டிராப் போட்டியில், நம் நாட்டு இராணுவ வீரர் இராஜ்யவர்தன் சிங் ராத்தோர் 200 தட்டுகளில் 179 உடைத்து வெள்ளி வென்றார். தங்கம் வென்ற ஐக்கிய அரபு நாட்டின் அகமது அல் மக்தூம் உடைத்தவை 189. எண்ணிப் பாருங்கள்: வெள்ளி வென்றவர் 21 முறை தவறினார், உலகின் முதல்வரும் 11 முறை தவறினார். தவறாமையால் அவர்கள் வெல்லவில்லை. தவறியதை அடுத்த தட்டுக்குச் சுமந்து செல்லாமையால் வென்றனர் என்றே நாம் கருதுகிறோம். மறுபக்கமும் உண்டு. 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கின் ஸ்கீட் கலப்பு இரட்டையர் போட்டியில், வெண்கலத்திற்காகச் சுட்ட நம் நாட்டு இணை 43 தட்டுகளும் சீன இணை 44 தட்டுகளும் உடைத்தன. ஒரே ஒரு தட்டு, பதக்கம் கைநழுவியது. ஒவ்வொரு தட்டும் அத்துணை மதிப்புடையது. ஆயினும் உடையாத தட்டைப் பற்றி எண்ண அடுத்த தட்டு இடம் தருவதில்லை. இவ்விரண்டையும் ஒருங்கே தாங்குவதே வீரனின் மனம். அம்மனத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

விடைபெறும் வேளையில் அவ்விளைஞர், “நோட்டுப் புத்தகங்களைக் கொளுத்திவிடவா, ஐயா?” என்று கேட்டார். “வேண்டாம், தம்பி. அவற்றை எழுதிய உழைப்பு உம்முடையது. வீட்டில் வைத்துவிட்டுப் போம். மாலையில் வேண்டுமானால் படியும். குரல் கொடுக்கும் இடத்திற்கு ஒரு சொல்லை மட்டும் கொண்டு செல்லும். அது எந்தச் சொல் என்று உம் பயிற்சியாளரோடு கலந்து நீரே தேர்ந்துகொள்ளும். ஒரு மாதம் அதை மாற்றாதீர், எண்ணிக்கை குறைந்தாலும் மாற்றாதீர்” என்றோம். அவர் சென்றுவிட்டார். தேர்வு இன்னும் நடக்கவில்லை. தேறுவாரோ தேறாரோ, அது நம் கையில் இல்லை.

அன்பர்களே, நம்மில் பலர் துப்பாக்கி ஏந்தப் போவதில்லை. ஆயினும் பிள்ளைக்குப் பாடம் சொல்கிறோம், புதிதாய் வந்தவனுக்குத் தொழில் பழக்குகிறோம், மேடையேறிப் பேசுகிறோம். அடுத்த முறை ஒருவன் நம் முன்னே தடுமாறி நிற்கும்போது, இன்னும் ஒன்றைச் சொல்ல நா எழுமுன், ஏற்கெனவே சொன்னவற்றில் எதை எடுத்துவிடலாம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம். அந்த ஒரு கணத்தைத் தாராத குற்றத்திற்காக, மூட்டை சுமந்த அப்பையனை நாம் இன்றும் நினைத்துக்கொள்கிறோம்.